மூவாயிரத்து நானூறு கிலோமீற்றர்

முல்லைத்தீவு,
10.06.2023.

அன்புள்ள றுமானாவுக்கு,

கலிஸ்ரா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று மாதாவை நினைத்துக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். இங்கே உன் மகள் ஷமீலா சுகம். வகுப்பில் அவளுக்கு இப்போது முன் வாங்கு கொடுத்திருக்கிறார்களாம். உன் மாமியார் ஆசியா உம்மாவுக்கு முழங்கால் நோவு விட்டபாடில்லை. ஆனாலும் மகன் வந்துவிடுவார் என்ற தெம்பில் நடமாடுகிறார். பேத்தியின் தலையைப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பாத நாளில்லை.

உன் கடிதத்தை மஹ்றூப் ஹாஜியாரின் மகன் முன்ஸிர் புதன்கிழமை கொண்டுவந்து தந்தான். லீவில் ஒரு மாதம் நிற்பானாம். அவனுடைய சிநேகிதர் ஒருவர் திங்கட்கிழமை மாலைதீவுக்கு, உன் மாலேக்குப் போகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் உனக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதில் ஷமீலாவின் பங்கை நான் எடுக்கக்கூடாது.

நீ கேட்டதற்கு முதலில் பதில் எழுதுகிறேன். முன்ஸிர் தன் போனில் பார்த்துச் சொன்னான். மாலே விமான நிலையத்திலிருந்து ரியூனியன் தீவின் விமான நிலையம் நேர்கோட்டில் மூவாயிரத்து நானூறு கிலோமீற்றர். நேராகப் பறந்தால் நாலரை மணித்தியாலம். ஆனால் நேராகப் போகிற விமானம் இல்லையாம். எங்கேயோ ஒரு நாட்டில் இறங்கி மாறி, மொரீசியஸ் போய், அங்கிருந்து இன்னொன்றில் ஏறவேண்டும். காத்துக் கிடக்கிற நேரத்தோடு ஒரு முழு நாள் போய்விடும் என்கிறான். அங்கே மணி உங்கள் மணிக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி ஓடுகிறதாம்.

அந்தத் தீவுக்காரர் என் மனிதர் றஜித்தைத் திருப்பி அனுப்பியது தனி விமானத்தில். அங்கிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நாலாயிரத்து நூறு கிலோமீற்றர், ஐந்தரை மணித்தியாலம். போகும்போது அதே கடலைப் படகில் கடக்க அவர்களுக்கு முப்பத்தாறு நாள் எடுத்தது. ஐந்தரை மணித்தியாலமும் கண்ணாடியில் முகத்தை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டே வந்தாராம். படங்குத் துணியை விரித்து மழைத் தண்ணீர் பிடித்த இடம் எது, எஞ்சின் நின்றுபோன இடம் எது என்று தேடினாராம். எல்லாம் ஒரே நீலம்.

அந்த விமானத்தில் நடந்த ஒன்றை அவர் என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அவருக்குப் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்தது. சாப்பாடு கொண்டுவந்த பெண் அவருக்கு ஒரு தட்டும் அந்த ஆசனத்துக்கு ஒரு தட்டும் வைத்தாளாம். ஆளில்லை என்று இவர் கையால் காட்டியிருக்கிறார். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். திரும்பி வந்து இவருடைய தட்டை எடுத்தவள், மற்றதை எடுக்கவில்லை. பொறுத்துச் சாப்பிடட்டும் என்பதுபோல விட்டுவிட்டுப் போனாளாம். இறங்கும் வரைக்கும் அந்தச் சாப்பாடு அங்கேயே ஆறிக்கொண்டிருந்தது.

நீ மாலேக்குப் போனபிறகு இங்கே நடந்ததை நான் உனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. பெப்ரவரி மூன்றாம் தேதி அவரும் உன் மனிதர் நாஸிம் நானாவும் ஒன்றாக இந்தக் கரையிலிருந்து போனதும், ஆறாம் நாள் கடல் ஒரு உடலைக் கரையில் போட்டதும், அதை றஜித் என்று நாங்கள் அடக்கம் செய்ததும் நீ இருந்து பார்த்தவை. நீ மார்ச் ஆறாம் தேதி விமானம் ஏறினாய். பன்னிரண்டாம் தேதி அவருடைய முப்பத்தோராம் நாள். பூசை முடிந்து, பந்தலில் ஆட்களை இருத்திச் சோறு போட்டுக்கொண்டிருந்தோம். நான் குசினியில் சொதியை இறக்கிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. கண்டறியாத நீள நம்பர். காதில் வைத்தேன். முதலில் காற்று இரைகிற சத்தம். பிறகு, “கலி, நான் றஜித் கதைக்கிறன். கரைக்கு வந்து சேர்ந்திட்டம்” என்ற குரல்.

சொதிச் சட்டியை எப்படிக் கீழே வைத்தேனோ தெரியாது. வெளியே அவருடைய படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிகிறது. கண்ணீர் அஞ்சலி நோட்டிஸ் வேலியில் ஒட்டியிருக்கிறது. உள்ளே அவர் என் காதுக்குள் கதைக்கிறார். மாமியிடம் போனை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “செத்த பிள்ளையின்ர குரலை ஆரோ எடுத்துக் கதைக்கினம். அதை நிப்பாட்டு பிள்ளை” என்றார். பந்தியில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். பாதிச் சோற்றை இலையில் விட்டுவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் போனார்கள்.

மே மாதக் கடைசியில் அவர் வந்து சேர்ந்தார். வவுனியாவில் பஸ் ஏறியபோது எங்கள் கரை ஆள் ஒருவர் முன் சீற்றில் இருந்தாராம். இவரைத் திரும்பிப் பார்த்தவர் மறுபடி பார்க்கவில்லை. முல்லைத்தீவுக்கு ரிக்கற் எடுத்த மனிதர் புளியங்குளத்தில் இறங்கி வெயிலில் நின்றுவிட்டார்.

மாமிதான் எனக்குப் பெரிய கவலை. இவர் படலையைத் திறந்து “அம்மா” என்றபோது, மாமி நெற்றியில் கையை வைத்துப் பார்த்து, “தம்பி, நீங்கள் ஆர்? ஆரைத் தேடி வந்தனீங்கள்?” என்று கேட்டார். விருந்தாளிக்குப் போல அலுமாரியிலிருந்து கண்ணாடிக் கிளாஸை எடுத்துத் தேத்தண்ணி கொடுத்தார். இன்றுவரைக்கும் பெற்ற பிள்ளையை “நீங்கள்” என்றுதான் சொல்கிறார். விடிந்ததும் மெழுகுதிரி எடுத்துக்கொண்டு சேமக்காலைக்குப் போய் அந்தக் குழிமேட்டடியில் இருக்கிறார். மகன் அங்கேதான் கிடக்கிறானாம். வீட்டில் நிற்பவர் நல்ல பிள்ளைதானாம், ஆனால் வேறு ஆரோவாம்.

நாஸிம் நானாவைப் பற்றி நீ கேட்டிருந்தாய். பெரிய படகில் ஏறுகிற நேரம் அவர் பயந்துபோய்ச் சின்னப் போட்டிலேயே கரைக்குத் திரும்பிவிட்டதாகப் படகுக்காரர் சொன்னார்கள், பிறகு அடுத்த படகில் போயிருப்பார் என்று றஜித் சொல்கிறார். கூட்டிக்கொண்டு போன ஆளும் உன்னிடம் அப்படித்தான் சொன்னான் என்று எழுதியிருக்கிறாய், அங்கே இன்னொரு முகாமில் இருக்கிறார் என்று. எனக்கு இதில் எழுத வேறொன்றும் இல்லை.

லீவு கேட்டு அவரைத் தேடிப் போகப்போகிறேன் என்கிறாய். அவசரப்படாதே. சோளகக் காற்று அடங்கட்டும். விமானத்துக்குச் சோளகம் ஒரு பொருட்டா என்று நீ சிரிப்பாய். சிரி. ஆனால் ரிக்கற் எடுக்காதே.

மாதா உன் தலைக்குமேல் கையை வைத்திருப்பாராக. உன் அல்லாஹ்வும் உன்னைப் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
உன் கலிஸ்ரா.


முல்லைத்தீவு,
02.07.2023.

என் றுமானாவுக்கு,

இதை முன்ஸிர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். இதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. உன்னைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்கக்கூடாது என்று மட்டும் சொன்னேன். வாசிக்கும்போது தனியாக இராதே. உன்னோடு வேலை செய்கிற அக்குறணை அக்காவைப் பக்கத்தில் இருத்திக்கொள். அவர் நல்லவர் என்று எழுதியிருந்தாய்.

இந்த மாதம் இருபதாம் தேதியிலிருந்து லீவு கிடைத்துவிட்டது, மொரீசியஸ் வழியாகப் போகிறாய் என்று முன்ஸிர் சொன்னான். நீ அந்தத் தீவுக்குப் போகாதே. அங்கே எத்தனை முகாம் இருந்தாலும் நாஸிம் நானா அங்கே இல்லை.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். எனக்கு இது மார்ச் பன்னிரண்டாம் தேதியிலிருந்து தெரியும்.

போன கடிதத்தில் அந்த முதல் போனைப் பற்றி எழுதினேன். அவர் குரலைக் கேட்டதும் நான் என்ன கேட்டேன் என்று எழுதவில்லை. சுகமா என்று கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. “உங்கட நீலக் கட்டம் போட்ட சேட் எங்க?” என்று கேட்டேன். செத்தவர் உயிரோடு கதைக்கிறார், நான் சேட்டைக் கேட்கிறேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “அதோ? அதை நாஸிமுக்குக் குடுத்திட்டன். போட்டில சத்தி எடுத்து நனைஞ்சு நடுங்கிக்கொண்டிருந்தான். பாவம், பயத்தில திரும்பிட்டான் எண்டு சொன்னாங்கள். கண்டால் சேட்டைக் கழட்டி வாங்கி வை.”

பெப்ரவரி ஒன்பதாம் தேதி ஆஸ்பத்திரிப் பிரேத அறையில் எனக்குக் காட்டியது அந்தச் சேட்டைத்தான். முகம் பார்க்கிற நிலையில் இல்லை. ஆறு நாள் கடலில் கிடந்த உடல். சேட்டுப் பையின் ஓரத்தில் கிழிந்த இடத்தை நான் போன வருசம் சிவப்பு நூலால் தைத்திருந்தேன், நீல நூல் முடிந்துபோயிருந்தது. அந்தச் சிவப்பு நூலைக் கண்டதும் நான் கத்தினேன். உடலில் அடையாளம் ஏதும் இருக்கிறதா என்று மரண விசாரணை அதிகாரி கேட்டார். சேட்டைக் காட்டினேன். மனைவி அடையாளம் காட்டினார் என்று எழுதிக்கொண்டார். அவர் எழுதியதில் பிழையில்லை. பிழை என்னுடையது.

ஏனென்றால் நான் கையையும் பார்த்தேன், றுமானா.

துணி கொஞ்சம் விலகியிருந்தது. இடது கையின் சின்னவிரலில் நுனி இல்லை. கண்ணில் பட்டதும் ஒரு கணம் நாஸிம் நானா ஐஸ் அடிக்கிற மெசினில் விரலைக் கொடுத்துவிட்டு வந்த நாள் ஞாபகம் வந்தது. நீதான் அன்றைக்கு அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாய். ஒரு கணம்தான். உடனே, மீன் கடித்திருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். கடலில் கிடந்தால் விரலைத்தான் மீன் முதலில் கடிக்கும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அப்படியே துணியை இழுத்து மூடிவிட்டேன். புருசனைப் பறிகொடுத்தவள் இதையெல்லாம் நின்று யோசிப்பாளா என்று நீ எனக்காகச் சொல்லக்கூடும். சொல்லாதே. நான் கண்டேன். காணாதமாதிரி மூடினேன்.

அடக்கத்தன்று நீ விடிய முதலே வந்துவிட்டாய். மூடிய பெட்டியின் தலைமாட்டில் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றது நீதான். நான் மயங்கினபோது என் வாயில் சீனித் தண்ணீர் விட்டது நீதான். பெட்டியைத் தூக்கும்போது, “என்ர மனுசன் கடலுக்குள்ள நிக்கிறார், நண்பன் போனது தெரியாமல் நிக்கிறார்” என்று நீ அழுதாய். அந்த அழுகை ஒவ்வொரு நாளும் என் காதுக்குள் கேட்கிறது. பெட்டிக்குள் மாமி ஒரு செபமாலை வைப்பித்தார். குளிப்பாட்டாமல், உங்கள் வெள்ளைத் துணி சுற்றாமல், எந்தப் பக்கம் முகம் பார்க்கவேண்டும் என்றுகூடத் தெரியாமல் உன் மனிதரைப் புதைத்தோம். நீ பக்கத்தில் நின்றாய்.

போன் வந்த அன்றைக்கே நான் உனக்குச் சொல்லியிருக்கவேண்டும். அன்று பின்னேரம் நீ யாருடையதோ போனைக் கேட்டு வாங்கி எடுத்தாய். செய்தி அதற்குள் உனக்கு வந்துவிட்டது. “றஜித் அண்ணன் உயிரோட எண்டால் இவரும் இருப்பார்தானே கலி, இவரைப் பற்றி என்ன சொன்னவர்?” என்று கேட்டாய். நான் லைன் விளங்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாக விளங்கியது.

ஏன் மறைத்தேன் என்று இந்தக் கிழமை முழுக்க யோசித்தேன். மாமியின் உடம்புக்கு ஏதும் ஆகிவிடும் என்றும், கோர்ட் குழியைத் தோண்டச் சொல்லும் என்றும் பல காரணம் வைத்திருந்தேன். ஒன்றும் உண்மையில்லை. எனக்கு என் மனிதர் திரும்பக் கிடைத்துவிட்டார். வாயைத் திறந்தால் யாரோ வந்து அவரைத் திருப்பிக் கேட்பார்கள் போல இருந்தது. அவ்வளவுதான்.

றஜித்துக்கும் நான் சேட்டைப் பற்றிச் சொல்லவில்லை. உயரத்தைப் பார்த்து நீங்கள் என்று நினைத்துவிட்டோம் என்றேன். குழிக்குள் கிடப்பது பெயர் தெரியாத யாரோ என்று அவர் நினைத்திருந்தார். அதுவே அவரைப் போட்டு உலுப்பியது. கடைக்குப் போனால் சாமானைக் கையில் தராமல் மேசையில் வைக்கிறார்கள். அடையாள அட்டைக்குப் போனால், கிராம சேவகர் சுரேகா மிஸ், “அண்ணை, உங்களுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் குடுத்தாச்சு. அங்க கிடக்கிறது ஆர் எண்டு தெரியாமல் உங்களை எப்படி உயிரோட எழுதுறது?” என்று மெதுவாகக் கேட்டாராம். அவரும் என்ன செய்வார்?

இனிப் போன செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

மத்தியானம் வெயில் கொளுத்தியது. காலையில் சேமக்காலைக்குப் போன மாமி வீட்டுக்கு வரவில்லை. நானும் றஜித்தும் தேடிப் போனோம். மாமி குழிமேட்டில் காதை வைத்துக்கொண்டு, படுத்த பிள்ளைக்குத் தட்டிக்கொடுப்பதுபோல மண்ணில் தட்டிக்கொண்டிருந்தார். மணல் சுடுகிறது, எழும்புங்கோ என்று தோளைப் பிடித்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புத்தி பேதலித்த பார்வை இல்லை. மீன் விலை கேட்கிறமாதிரித் தெளிவான முகம்.

“கலிஸ்ரா, எனக்கு ஒண்டு விளங்கேல்லை. இவன் ஏன் என்னை உம்மா எண்டு கூப்பிடுறான்?” என்று கேட்டார்.

மாமி விடாமல் சொன்னார்: “முந்தி ஒண்டும் கதைக்கேல்லை. பத்து நாளா இப்பிடித்தான். உம்மா, உம்மா எண்டுறான். நான் அவனுக்கு எப்ப உம்மா ஆனனான்? நான் ஓம் எண்டு சொல்லுறன், அவன் திருப்பியும் கூப்பிடுறான். என்னை இல்லைப் போல கிடக்கு.”

சுற்றிவர ஒரு சத்தமும் இல்லை. சேமக்காலைக்குப் பின்னால் கடல் இருக்கிறது, றுமானா, சோளகத்தில் அது இரையாமல் இருக்காது. அந்த நேரம் அதுவும் எனக்குக் கேட்கவில்லை. மாமிக்கு நான் சேட்டைப் பற்றிச் சொன்னதில்லை. விரலைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் நித்திரையில் உளறினேனோ, மாமி தானாக எதையும் பொருத்திப் பார்த்தாரோ, எனக்குத் தெரியாது. நானும் குனிந்து கேட்டேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்னோடு அவருக்கு என்ன கதை இருக்கிறது?

நான் அந்த மணலிலேயே இருந்து றஜித்துக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சேட், சிவப்பு நூல், விரல், எல்லாம். முடிந்தபிறகு, தான் முதலில் ஏறியதை மட்டும் சொன்னார். பொழுது பட்ட நேரம், கடல் குழம்பியிருந்ததாம். கயிற்றைப் பிடித்து இவர் மேலே போனார். அடுத்தது நானா. சின்னப் போட் எழும்பி விழுந்ததில் பெரிய படகில் ஒரு இடி. இவர் எட்டிப் பார்க்கமுதல், “அந்தாள் பயந்திட்டார், திரும்பிப் போறார், நீ உள்ளுக்குப் போ” என்று தள்ளிவிட்டார்களாம். “நான் எட்டிப் பாக்கேல்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டு உள்ளுக்குப் போனனான்” என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “என்ர பேரை அவனுக்கு மேல இவ்வளவு நாளும் எப்படி வைச்சிருந்தனி?”

எழுந்து போய்ச் சிலுவையில் அடித்திருந்த தன் பெயர்ப் பலகையைக் கையாலேயே பிடுங்கினார். ஆணி கிழித்து இரத்தம் வந்தது. பலகையை மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே இருந்தார். மாமி பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மாமி குசினிக்குள் போய்ச் சோறு போட்டார். மூன்று கோப்பை போட்டார். வாசலுக்கு வந்து, “டேய், கையைக் கழுவிப்போட்டு வா. இரத்தத்தோட சாப்பிடாதை” என்றார். றஜித் சின்னப் பிள்ளைபோலத் தேம்பித் தேம்பி அழுதார்.

அதன்பிறகும் மாமி சேமக்காலைக்குப் போவதை விடவில்லை. ஏன் இன்னும் போகிறீர்கள் என்று கேட்டேன். “அந்தப் பிள்ளையின்ர தாய் வரும்மட்டும் ஆரும் பக்கத்தில இருக்கவேணுமெல்லோ” என்றார்.

புதன்கிழமை நாங்கள் இரண்டு பேரும் பங்குச் சுவாமியிடம் போய்ச் சொன்னோம். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருக்கும். கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும், ஷமீலாவிலோ ஆசியா உம்மாவிலோ இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், உறுதியானால் எடுத்து உங்கள் மையவாடியில் முறைப்படி அடக்கலாம் என்றார். பள்ளிவாசலில் மஹ்றூப் ஹாஜியாரோடு தானே கதைப்பதாகச் சொன்னார். நான்தான் மறித்தேன். முதலில் உனக்குத் தெரியவேண்டும். உனக்கு முன்னால் வேறு யாருக்கும் தெரியக்கூடாது. என் பிழையில் இதையாவது நான் ஒழுங்காகச் செய்யவேண்டும்.

ஆனால் நாள் இழுபடுவதைத் தாங்க முடியவில்லை. வியாழக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். ஆசியா உம்மா இறைச்சியும் வட்டிலப்பமும் ஷமீலா கையில் கொடுத்துவிட்டார். அடுத்த பெருநாளைக்கு வாப்பாவும் இருப்பார் என்று ஆசியா உம்மா சொல்லச் சொன்னதாக அவள் வாசலில் நின்று சொன்னாள். புதுச் சட்டை போட்டிருந்தாள். நான்தான் தைத்துக் கொடுத்தது. றஜித் பின்பக்கத்தால் கடற்கரைக்குப் போய்விட்டார். நான் அந்தப் பாத்திரத்தைக் கையில் வாங்கினேன், றுமானா. வாங்கினேன்.

உங்களில் புருசன் மௌத்தானால் பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். நாட்களை எண்ணிப் பார்த்தேன். என் முதல் கடிதம் உன் கைக்கு வந்த கிழமையோடு அந்த நாட்கள் முடிந்துவிட்டன. நீ அவருக்காக இருக்கவேண்டிய துக்கத்தைக்கூட நான் இருக்கவிடவில்லை. அந்த நாட்களில் நீ வேறொருவர் வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டு, விமானம் எத்தனை மணித்தியாலம் போகும் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாய். நானும் உட்கார்ந்து கிலோமீற்றர் எண்ணி எழுதினேன்.

இதை நீ நம்பாமலும் இருக்கலாம். அந்தத் தீவுக்குப் போய்த் தேடினால்தான் மனம் ஆறும் என்றும் இருக்கலாம். இரத்தம் பார்த்து முடிவு வரட்டும் என்று சொல்வதற்கும் உனக்கு உரிமை உண்டு. ஆனால் றுமானா, அந்த லீவில் இங்கே வா. மொரீசியஸ் ரிக்கற்றைத் திருப்பிக் கொடு. மாலேயில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்தில் கட்டுநாயக்கா. றஜித் வந்து வெளியில் நிற்பார். அவரைப் பார்க்க மனமில்லை என்றால் முன்ஸிரின் வாப்பாவை வரச் சொல்கிறேன். என் வீட்டுப் படலையைத் திறக்கவேண்டாம். என் முகத்தில் விழிக்கவேண்டாம். நேராக ஆசியா உம்மாவிடம் போ. அவருக்கு நீ சொல்லவேண்டுமா, நான் வந்து காலில் விழுந்து சொல்லவேண்டுமா என்று ஒரு வரி எழுது. நீ எதைச் சொன்னாலும் அப்படியே செய்வேன்.

சிலுவையை இன்னும் எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்றால் நீ சொல்லு. பெயர் இல்லாமல் அது நிற்கிறது. மாமி அதற்குப் பக்கத்தில் ஒரு ஓலைத் தட்டி வைத்து நிழல் கட்டியிருக்கிறார்.

உனக்கும் ஷமீலாவுக்கும் ஆண்டவர் பலம் தரட்டும். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஐந்து மாதமும் நாங்கள் நாஸிம் நானாவின் தலைமாட்டில் நின்று எங்களுக்குத் தெரிந்த செபமெல்லாம் சொல்லிவிட்டோம். எல்லாம் வேறொருவர் பெயரில் சொன்னது. அவருக்குச் சொல்லவேண்டியது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நீ வந்து சொல்லு.

இப்படிக்கு,
கலிஸ்ரா.